பரிசலுக்குக் கண்ணாடி இழைத் துணி

மாயாற்றிலும் பவானியிலும் ஓடிய மூங்கிற் பரிசலுக்கு முன்னாளில் தோல் போர்த்தினர். பின்னர் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. பாறையில் உரசினால் இரண்டும் கிழியும். பரிசல்துறையுள்ள பஞ்சாயத்தார் கண்ணாடி இழைப் பரிசலை நாடுவது நலமென்று கருதுகிறோம்.

மெழுகு தடவிய அச்சின்மேல் பாலியெஸ்டர் பிசினைப் பூசி, துணியை விரித்து, உருளையால் அழுத்த வேண்டும். துணி தெளிந்து உள்நிறம் தெரிந்தால் பிசின் ஊறிற்று எனலாம். வெண்திட்டு இருப்பின் காற்று நிற்கிறது. பின்னாளில் நீர் புகுவது அங்கேதான். பிசினை மிகுதியாக ஊற்றுவதே பலம் என்பாரும் உளர். துணியின்றித் தேங்கிய பிசின் வெடிக்கும்.

கோபால்ட் திரவத்தை முதலில் பிசினில் நன்கு கலந்த பின்னரே, இறுகச் செய்யும் பெராக்சைடு திரவத்தைச் சேர்க்க வேண்டும். அவ்விரண்டையும் நேரே கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆகவே, இரு புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைக்க விடாதீர்கள்.