தூரிகையே காணிக்கை

திருவண்ணாமலையில் வாழும் நம் குடும்பங்களுக்கு, கடல் கடந்து வந்து இங்கேயே தங்கிவிடும் வேற்று நாட்டினர் புதியவர் அல்லர். மலையடிவாரத் தெருக்களில் அவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறே இத்தாலியிலிருந்து இந்தியா வந்து, இம்மண்ணிலேயே உயிர்நீத்த ஓர் ஓவியரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் பெயர் அந்தோனியோ மொஸ்கேனி. பெர்காமோ நகரையடுத்த ஸ்தெசானோ என்னும் ஊரில் 1854-ஆம் ஆண்டு பிறந்தார். பெர்காமோவின் கர்ராரா கலைக்கழகத்தில் பயின்று ஓவியரானவர், 1889-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருவாக அன்று, துறவறச் சகோதரராக. உலகைத் துறந்தவர் தூரிகையைத் துறக்கவில்லை. அதையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார்.

மங்களூரில் இயேசு சபையார் நடத்தும் கல்லூரியின் சிற்றாலயத்தை 1899 முதல் 1901 வரை அவர் ஓவியங்களால் நிரப்பினார். சுவர்களில் அவர் கையாண்டது ஈரச் சுண்ணச் சாந்தின்மீது வண்ணம் தீட்டும் முறை. சாந்து உலருமுன் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் சாந்தையே பெயர்த்தெடுத்து மீண்டும் பூச வேண்டும். பொறுமையும் விரைவும் ஒருங்கே வேண்டும் பணி அது! மேல்தளத்திற்கோ துணியில் எண்ணெய் வண்ண ஓவியங்கள் தீட்டினார். செதுக்கிய சிற்ப வேலைப்பாடுபோல் தோன்றுபவை பலவும் அங்கு வெறும் வண்ணமே.

மேல்தளத்தில் நாம் காண்பது புனித ஞானப்பிரகாசியாரின் வாழ்வு. பிரபுக் குடும்பத்தின் தலைமகன் தம் உரிமையை விட்டுக்கொடுத்துத் துறவியானார். உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை செய்து, 1591-இல் 23 வயதில் மரித்தார். தாமும் அனைத்தையும் விட்டு வந்தவரல்லவா அவ்வோவியர்? அவ்வாழ்வை வரையத் தகுதியான கை அது.

பின்னர் கொச்சித் திருச்சிலுவைப் பேராலயத்தின் பீடப் பகுதியை, மங்களூரைச் சேர்ந்த தம் சீடர் த காமாவுடன் அழகுபடுத்தினார். 1905 நவம்பரில், அப்பேராலயம் அபிஷேகம் செய்யப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், கொச்சியிலேயே காலமானார். தாம் அணிசெய்த ஆலயத்தின் திருவிழாவை அவர் கண்கள் காணவில்லை. ஆயினும் ஓவியங்கள் நிலைத்தன. தொழில் ஒரு சீடனிடம் தங்கிற்று.

அன்பார்ந்த பெற்றோரே! வாசலில் கோலமிடும் மகளும், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு வண்ணம் தீட்டும் மகனும் நம் இல்லங்களில் உண்டு. அக்கைகளைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதிருப்போம். கனி காண்பவர் வேறு யாராகவேனும் இருக்கலாம். விதைப்பது நம் கடன்.