ஸ்பிரிங் வைத்த சைக்கிள் வேண்டாம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நயாகரா அருவியிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால் பீச், திராட்சைத் தோட்டங்கள். அங்கே பழம் பறிப்பவர்களில் பலர் ஜமைக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் பருவத்துக்கு வந்து போகிறவர்கள். 1966-ல் ஜமைக்காவோடும் 1974-ல் மெக்சிகோவோடும் தொடங்கிய ஏற்பாடு இது. ஆண்டுக்கு அதிகபட்சம் 8 மாதம் தங்கலாம். குடியிருப்பு பெரும்பாலும் தோட்டத்திலேயே. அரிசி வாங்கவும் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் டவுனுக்குத்தான் போக வேண்டும். பஸ் அரிது, கார் கிடையாது. ஆகவே, ஊர்க்காரர்கள் கொடுக்கும் பழைய சைக்கிள்களை ஓவராயில் செய்து, இவர்களிடம் சேர்க்கிறார்கள் தன்னார்வலர்கள்.

வந்து குவிந்த சைக்கிள்களில் எதை முதலில் எடுப்போம்? நம்மில் யாரைக் கேட்டாலும் பளபளப்பாக, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து, தடித்த டயரோடு நிற்பதைத்தான் காட்டுவோம். மெக்கானிக் அதை ஓரமாகத் தள்ளிவிடுவார். அந்த ஸ்பிரிங் மலைப்பாதையின் குண்டு குழிக்காக வைத்தது. தார்ச்சாலையில் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அது அமுங்கி எழும்; மணலில் நடப்பதைப் போல, போட்ட பலத்தில் ஒரு பங்கு வீணாகும். எடையும் அதிகம். பின்பக்க ஸ்பிரிங் இருந்தால் சாதாரணக் கேரியரைப் பொருத்தவும் வழியில்லை. கேரியர் இல்லாவிட்டால் வாரத்துக்கான அரிசியும் கோழியும் ஹேண்டிலில்தான் தொங்கும். திரும்புகையில் பை சக்கரத்தில் சிக்கும். பெயின்ட் உரிந்த, ஸ்பிரிங் இல்லாத பழைய இரும்பு சைக்கிள்தான் இங்கே ராஜா.

மேலே தெரியும் துருவுக்கும் இதே கதைதான், பாதிக்குமேல் அது அழகுப் பிரச்சினை. பார்க்க வேண்டியது செயினை. புதுச் செயினில் ஒரு கண்ணி அரை அங்குலம்; 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஸ்கேலை வைத்து அளந்தால் அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருக்கிறதா? இரும்பு இழுபட்டு நீளவில்லை, கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசிகள் தேய்ந்திருக்கின்றன. எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. அதற்குள் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் விரிசல் இருந்தால் காற்றடித்துப் பார்ப்பதும் வீண். இப்படிக் கழித்ததெல்லாம் குப்பைக்குப் போகாது. ஸ்பிரிங் சைக்கிளின் பெடலும் பிரேக் கட்டையும் வேறொன்றுக்கு உயிர் கொடுக்கும்.

கடைசி வேலை விளக்கு. கிராமச் சாலைகளில் கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. இவர்கள் டவுனுக்குக் கிளம்புவதோ வேலை முடிந்த பிறகு. சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பிருந்தே சைக்கிளின் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். மணியும் கட்டாயம். இந்தச் சில்லறைச் சாமான்கள் பழைய சைக்கிளோடு அநேகமாக வருவதில்லை. எனவே அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் யாராவது கொட்டகையைக் காலி செய்வதாகச் சொன்னால், சைக்கிளோடு ஒரு ஜோடி விளக்கும் ஒரு பூட்டும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.