தலை என்ன நிறம்?

2019 டிசம்பர் மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டினாற்போல இருக்கும் பிளெய்ன் என்ற சிற்றூரில் ஒருவர் தன் வீட்டு வாசலில் பெரிய பூச்சியொன்று செத்துக் கிடப்பதைப் பார்த்தார். பெருக்கித் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் மாநில வேளாண் துறைக்குத் தகவல் கொடுத்தார். துறையின் பூச்சியியலாளர்கள் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் சீனாவிலும் இமயமலைச் சரிவுகளிலும் வாழ்கிற வெஸ்பா மாண்டரினியா அது. கதண்டு இனங்களில் உலகிலேயே பெரியது. அமெரிக்காவில் அது இருப்பது உறுதியானது அதுவே முதல் தடவை.

கதண்டு நமக்குப் புதிதில்லை. தென்னையில் கூடு கட்டியிருக்கிறது என்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புவதும், வீரர்கள் வந்து கூட்டை அழிப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாடிக்கைதான். ஆனால் நம் கதண்டு நம் மண்ணுக்கு உரியது. இங்குள்ள தேனீ அதோடு மோதி மோதியே பிழைக்கக் கற்றுக்கொண்டது. பிளெய்னில் கிடந்ததோ கடல் தாண்டி வந்தது. அங்கே பெட்டியில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீக்கு அதன் எதிரே நிற்கத் தெரியாது.

என்ன நடக்கும் என்று தெரிய, ஒரு தேன்கூட்டின் வாசலுக்குப் போக வேண்டும். கோடை முடிகிற சமயத்தில் கதண்டுக் கூட்டில் புதிய ராணிகள் வளரத் தொடங்கும். புழுக்களுக்கு நிறைய இரை வேண்டும். ஒரு கதண்டு தேன்கூட்டைக் கண்டுபிடித்துத் தன் வாடையை அங்கே தடவிவைத்தால் மற்றவை வந்து சேரும். தேனீக்களை ஒவ்வொன்றாகத் தாடையில் கவ்வி, தலையைத் துண்டித்துக் கீழே போட்டுக்கொண்டே இருக்கும். இருபது முப்பது கதண்டுகள் போதும், சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலை அவை சீண்டுவதுகூட இல்லை. அவை வந்தது உள்ளே இருக்கும் தேனீப் புழுக்களுக்காக.

அந்த இரையும் அவை தின்பதற்கு அல்ல. வளர்ந்த கதண்டின் இடுப்பு மிகக் குறுகல், திட உணவு அதன் வழியே இறங்காது. மென்று உருட்டித் தன் கூட்டுப் புழுக்களுக்கு ஊட்டும். புழுவின் வாயில் சுரக்கும் சத்துநீரைத் தான் குடிக்கும். அக்கா தங்கைக்கு ஊட்ட, தங்கை அக்காவுக்கு ஊட்டுகிற ஏற்பாடு அது.

ஜப்பானியத் தேனீ இதற்கு மாற்று வைத்திருக்கிறது. உளவு பார்க்க வரும் கதண்டை உள்ளே நுழையவிட்டு, நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒரே பாய்ச்சலில் அதை மூடிப் பந்தாகத் திரளும். பிறகு கொட்டுவதில்லை. பறக்கும் தசைகளை அதிரவைத்துச் சூடேற்றும். பந்தின் நடுவே வெப்பம் 46, 47 டிகிரி செல்சியஸை எட்டும்போது கதண்டு செத்துவிடும். தேனீயால் அதற்கு மேலும் ஓரிரு டிகிரி தாங்க முடியும். அந்த ஓரிரு டிகிரி இடைவெளியில்தான் ஒரு கூடே பிழைத்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயும் இதே இனம்தான் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

வாஷிங்டனுக்குத் திரும்புவோம். 2020 மே மாதம் ‘கொலைகாரக் கதண்டு’ என்ற பெயரில் செய்தி நாடெங்கும் பரவியது. பெரிய வண்டு எதைக் கண்டாலும் மக்கள் பதறினார்கள். நூறு மைல், ஆயிரம் மைல் தள்ளியிருந்த மாநிலங்களிலிருந்தெல்லாம் படங்கள் வந்து குவிந்தன. அநேகமாக எல்லாமே அந்தந்த ஊரின் பூச்சிகள். பயத்தில் அடித்துக் கொல்லப்பட்டவையும் அவைதான் என்று பூச்சியியலாளர்கள் வருந்தினார்கள். அந்தப் பெயர் எனக்கும் பிடிக்கவில்லை. பயந்தவன் கண்ணுக்குப் பூச்சியின் அளவு மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. 2022இல் அமெரிக்கப் பூச்சியியல் சங்கம் இந்தக் கதண்டுக்கு ‘வடக்குப் பெருங்கதண்டு’ என்று பொருள்படும் பெயரைப் பொதுப்பெயராக ஏற்றுக்கொண்டது.

முகம்தான் முக்கியம். மாண்டரினியாவின் தலை முழுக்க மஞ்சள், இல்லையென்றால் ஆரஞ்சு. உடம்புக்கே பெரிதோ என்று தோன்றுகிற அகலமான தலை. கண்ணுக்குப் பின்னால் கன்னம் உப்பினாற்போல விரிந்திருக்கும். அந்த மஞ்சளின் நடுவே கரிய கண்கள் பதித்து வைத்தாற்போல் தெரியும். மார்புப் பகுதி கருமை. வயிற்றில் மஞ்சளும் கரும்பழுப்பும் மாறி மாறி, ஓரம் பிசிறாத பட்டைகள். ராணி 5 சென்டிமீட்டர் வரை இருக்கும், வேலைக்காரக் கதண்டு சற்றுச் சிறியது. கொடுக்கு மட்டுமே 6 மில்லிமீட்டர். தேனீ வளர்ப்போரின் சாதாரண அங்கியைத் துளைத்துவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுபவை பல. ஐரோப்பியக் கதண்டு அமெரிக்காவின் கிழக்கில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறது. அதன் தலையில் செம்பழுப்பு கலந்திருக்கும், வயிற்று மஞ்சளில் நீர்த்துளி போன்ற கரும்புள்ளிகள் இருக்கும். சில்வண்டைப் பிடித்து மண்வளைக்குள் இழுத்துப்போகும் பெரிய குளவி ஒன்று உண்டு. அளவில் ஏமாற்றும், ஆனால் தலை சின்னது, வயிற்றுக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருக்கும். தனியாக வாழ்வது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் அது வேறு இனம்.

அதனால்தான் துறையினர் மக்களிடம் படம் கேட்டார்கள். படம் இல்லையென்றால் எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தது, எந்தத் திசையில் பறந்து போனது என்று கேட்டார்கள். திசை ஏன்? இரை எடுத்த கதண்டு கூட்டுக்குத்தான் திரும்பும். செத்த பூச்சி கிடைத்தால் எறிந்துவிடாமல் எடுத்துவைக்கச் சொன்னார்கள். மரங்களில் ஆரஞ்சுச் சாறும் அரிசி ஒயினும் ஊற்றிய பாட்டில் பொறிகளை மக்களே கட்டித் தொங்கவிட்டு, வாரந்தோறும் விழுந்ததைப் பொறுக்கி அனுப்பினார்கள். வந்த தகவல்களில் பெரும்பாலானவை தவறு. அவற்றை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வட்டாரம் முழுக்க ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அந்த ஒரு சரியான தகவல் வந்து சேரும்.

பொறியில் உயிரோடு சிக்கிய கதண்டை வைத்துக் கூட்டைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. முதலில் ரேடியோ கருவியைப் பசையால் ஒட்டிப் பார்த்தார்கள். பசை இறக்கையில் பட்டு, பூச்சியால் பறக்க முடியவில்லை. 2020 அக்டோபரில், பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை எடுத்தார்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் அந்தக் குறுகிய இடுப்பில் நூலைச் சுற்றி, ஒரு சிறு கருவியைக் கட்டினார்கள். இறுக்கினால் இடுப்பு ஒடியும், தளர்ந்தால் கருவி விழும். தெம்புக்கு ஸ்ட்ராபெரி ஜாம் கொடுத்துப் பறக்கவிட்டார்கள். சமிக்ஞையைத் தொடர்ந்து புதரும் மரமுமாக நடந்தவர்கள் அக்டோபர் 22ஆம் தேதி ஓர் ஆல்டர் மரத்தின் கீழ் வந்து நின்றார்கள். ஆசியாவில் இந்தக் கதண்டு பெரும்பாலும் மண்ணுக்குள் கூடு வைக்கும். இங்கே மரப்பொந்தில் வைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, தடித்த பாதுகாப்பு உடையில் போன குழு கூட்டின் கதண்டுகளை உறிஞ்சுகுழாயால் இழுத்தெடுத்தது. மரத்தை வெட்டிப் பிளந்து எண்ணியபோது, புழுவும் கூட்டுப்புழுவும் வளர்ந்தவையுமாக ஏறக்குறைய 500 இருந்தன. அவற்றில் 200க்குக் கிட்டத்தட்ட ராணிகள், அல்லது ராணியாக வேண்டியவை. ஒரு கூட்டம் குளிர்காலத்தோடு முடிந்துவிடும், இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் ஒளிந்திருந்து வசந்தத்தில் தனித்தனியாகப் புதுக் கூடு தொடங்கும். சில வாரங்கள் தாமதித்திருந்தால் அந்த மரத்திலிருந்து எத்தனை கூடுகள் முளைத்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதைக்கிறது.

2021 ஆகஸ்டில் அதே வட்டாரத்தில் ஒருவர், தன் வீட்டுச் சுவரில் இருந்த குளவிக் கூட்டைப் பெரிய கதண்டு ஒன்று தாக்குவதைப் படமெடுத்து அனுப்பினார். அங்கிருந்து தொடங்கிய தேடலில், ஏறக்குறைய 1,500 உயிர்கள் அடங்கிய கூடு கிடைத்தது. அடுத்த மாதமே இன்னும் இரண்டு. நான்கு கூடுகளுமே நேராகவோ சுற்றிவளைத்தோ பொதுமக்கள் தகவலால் பிடிபட்டவை. உறுதியான தடயங்களில் பாதி அவர்கள் கொடுத்தவை.

எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் நனைமோ நகரில் 2019இலேயே ஒரு கூடு அழிக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் எவருக்கும் தோன்றும். மரபணு வேறு சொன்னது. கனடாவில் கிடைத்தது ஜப்பான் வழி, வாஷிங்டனில் கிடைத்தது கொரியா வழி. கடலை இரண்டு தடவை, தனித்தனியாகத் தாண்டியிருக்கிறது.

2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் ஒன்றுகூட அகப்படவில்லை. 2024 டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து இந்தக் கதண்டு ஒழிக்கப்பட்டதாக மாநில, மத்திய வேளாண் துறைகள் அறிவித்தன. இதற்கிடையே 2023இல், மஞ்சள் கால்களைக் கொண்ட இன்னொரு ஆசியக் கதண்டு ஜார்ஜியா மாநிலத்தின் சவானா அருகே தென்பட்டது. பார்த்துச் சொன்னவர் ஒரு தேனீ வளர்ப்பாளர். அதற்குத் தலையை அல்ல, காலைப் பார்க்க வேண்டும்.

ஒழிப்பு அறிவிப்பு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, வாஷிங்டனின் கிட்சாப் வட்டாரத்தில் சந்தேகத்துக்குரிய கதண்டு ஒன்றைப் பார்த்ததாக ஒரு தகவல் வந்தது. பூச்சி கைக்குக் கிடைக்கவில்லை, இனத்தை உறுதிசெய்ய முடியவில்லை. முன்பு கூடுகள் இருந்த இடத்திலிருந்து வெகு தூரம் அது. ஆனாலும் அங்கே பொறி வைப்பதென்று துறையினர் முடிவுசெய்தார்கள். சுற்றுவட்டார மக்களிடம் பழைய வேண்டுகோளையே மறுபடி வைத்தார்கள்: பெரிதாக ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுங்கள், செத்துக் கிடந்தால் எடுத்துவையுங்கள், எங்களுக்குச் சொல்லுங்கள்.