ஆட்டம் திறந்த பள்ளிக் கதவு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கை நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு வாசலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டின் வசதியையும் ஆசிரியரின் அக்கறையையும் பொறுத்ததாகிவிடுகிறது. நம் சேரிப் பிள்ளைகளில் பலர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அக்காவுக்குக் கல்யாணம், செங்கல் சூளைக்குப் போன குடும்பம் இன்னும் திரும்பவில்லை என்று காரணங்கள் வெவ்வேறாக இருக்கும். முடிவு ஒன்றுதான்: வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறைந்துபோகும்.

ஏறத்தாழ இதே வயதில் இதே வாசலில் நின்ற ஒரு கறுப்பினச் சிறுவனின் வரலாற்றை நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆர்தர் மிட்செல் 1934ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். கறுப்பின உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அவருக்கு 12 வயதானபோது தந்தை சிறைக்குப் போனார். மூத்த பிள்ளை என்பதால் குடும்பப் பாரத்தில் பங்கு அவர் தோளில் விழுந்தது. செய்தித்தாள் போட்டார், பாலிஷ் போட்டார், இறைச்சிக் கடையில் வேலை பார்த்தார். நம் ஊரில் என்றால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அங்கே ஒரு சிறு விஷயம் நடந்தது. நடுநிலைப் பள்ளிக் கொண்டாட்டம் ஒன்றில் அவன் ஆடியதைப் பள்ளியின் வழிகாட்டி ஆலோசகர் பார்த்தார். அது யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்த ஆட்டமல்ல, தெருவில் கற்ற ஆட்டம். நன்றாக ஆடினாய் என்று கைதட்டிவிட்டு அவர் போயிருக்கலாம். அப்படிப் போகாமல், நிகழ்த்துக் கலைகளுக்கான உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அது நகர நிர்வாகம் நடத்திய பொதுப்பள்ளி. பாதி நாள் ஆட்டம், இசை, நாடகம். மீதி நாள் மற்ற பள்ளிகளில் உள்ள அதே பாடங்கள். சேர்க்கைக்கு ஆடிக்காட்ட வேண்டும். பாலே எனப்படும் ஐரோப்பியச் செவ்வியல் ஆட்டத்தில் அந்தச் சிறுவனுக்குப் பயிற்சி கிடையாது. பாட்டோடு சேர்ந்த ஓர் ஆட்டத்தை ஆடிக்காட்டினான். இடம் கிடைத்தது.

1952இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது பாலே பள்ளியில் சேர உதவித்தொகை கிடைத்தது. 1955இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் முதன்மை ஆட்டக்காரராக உயர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 1957இல் ஜார்ஜ் பாலன்ஷைன் 'அகான்' என்ற படைப்பில் மிட்செலையும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணையும் இணையாக ஆடவைத்தார். கறுப்பு ஆணின் கை வெள்ளைப் பெண்ணின் கையைப் பற்றுவதை அன்றைய அமெரிக்கா எளிதில் ஏற்கவில்லை. அந்த இணை ஆட்டம் வணிகத் தொலைக்காட்சியில் இடம்பெற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு அரிவாள் தூக்கும் மண்ணில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். புகழின் உச்சியில் இருந்த மிட்செல் தன் ஹார்லெமுக்குத் திரும்பினார். தன் ஆசிரியர் கரேல் ஷூக்குடன் சேர்ந்து 1969இல் 'டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்' என்ற பள்ளியையும் ஆட்டக் குழுவையும் நிறுவினார். தெருவில் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும் என்று வகுப்பின் கதவைத் திறந்தே வைத்தார். இறுக்கமான பாலே உடைக்குக் கூச்சப்பட்ட பையன்களை அரைக்கால் சட்டையிலேயே ஆடவிட்டார். சில பத்துப் பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு விரைவிலேயே நூற்றுக்கணக்கானோரை ஈர்த்தது. 2018இல் அவர் மறைந்த பிறகும் அந்த நிறுவனம் இயங்கிவருகிறது. ஒரு பையனுக்குத் திறந்த கதவு ஒரு பகுதிக்கே திறந்தது.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. பிளாக் பாந்தர் இயக்கத்தின் பெயரிலிருந்துதான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் பிறந்தது. ஆனால் கலை விஷயத்தில் நம் வரலாறு தலைகீழானது. அங்கே கறுப்பர்களுக்குப் பாலே மறுக்கப்பட்டது. இங்கே நமக்குப் பறை திணிக்கப்பட்டது. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி என்று ஊர் கட்டளையிட்டது. மறுத்தவர்கள் ஊர்விலக்கைச் சந்தித்தார்கள். அதனால்தான் பெரியவர்கள் பலர் 'பறையைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடு' என்றார்கள். அது சரியான முடிவு. அடுத்த தலைமுறை அதே பறையைத் தன் விருப்பத்தோடு மேடையில் ஏந்தியது. அதுவும் சரியான முடிவே. மறுப்பதும் திணிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். யார் எதை ஆடலாம் என்பதை ஆடுகிறவர் தீர்மானிக்கக் கூடாது என்பதே இரண்டின் உட்பொருள்.

அரசு இன்று பறைக் கலைஞரைக் கௌரவிக்கிறது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பாக நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பாடங்களைப் பாருங்கள்: குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இந்த ஏழில் பறையாட்டமும் இல்லை, கரகமும் இல்லை. நாட்டுப்புறக் கலைகளுக்கு அண்மைக் காலத்தில் பகுதி நேரப் பயிற்சி வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். நம் கலை ஏன் பகுதி நேரத்தோடு நிற்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

திறமைக்குக் கதவு வைத்தால் மட்டும் போதாது. அந்தக் கதவருகே உட்கார்ந்து மதிப்பெண் போடுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் கலாமண்டலம் எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளிக் கல்வியோடு கலையைச் சேர்த்துக் கற்பிக்கிறது. அதே மாநிலத்தில்தான், கறுத்த நிறத்து ஆண்கள் மோகினியாட்டம் ஆடக் கூடாது என்ற பேச்சு 2024இல் வெளிப்படையாக எழுந்தது. தலித் நடனக் கலைஞர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் அதை இழிவாகவே எடுத்துக்கொண்டு எதிர்த்து நின்றார். 2025 ஜனவரியில் அதே கலாமண்டலத்தில் பரதநாட்டியத் துறை உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பட்டமும் பயிற்சியும் பெற்ற ஒருவரின் நிறத்தையே அளக்கிற கண்கள், 13 வயது சேரிப் பிள்ளையை எப்படி அளக்கும்? தேர்வுக் குழுவில் நம்மவர்கள் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

நம் அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நம் பிள்ளைகள் அதில் கலந்துகொள்கிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள். ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. மேடையில் ஆடிய பிள்ளை அடுத்த ஆண்டு எந்த வகுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றிருந்தால் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மிட்செலின் வாழ்க்கையை மாற்றியது அப்படிப்பட்ட ஒருவரின் கவனிப்புதான்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பரிசுச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவைக்காதீர்கள். எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு கலைத் திறனைப் பார்த்து இடம் தருகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தெருவில் கற்ற ஆட்டம் என்று தாழ்வாக நினைக்காதீர்கள். மிட்செல் ஆடிக்காட்டியதும் பாலே அல்ல.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. பறையும் கரகமும் ஒயிலும் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அறிவின் பேரிலேயே இடம் தருகிற, விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளிகள் மாவட்டந்தோறும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பு பள்ளிப் படிப்பு முடியும் வரை நீள வேண்டும். முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் போனால், நன்றாக ஆடுகிறவர் மட்டும் தப்பிப்பார். ஆடத் தெரியாத நம் பிள்ளைக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெஞ்சு இருக்க வேண்டும்.