தளை தட்டும் இடங்கள்: எந்திர வடிவமைப்பு மென்பொருளில் உறுப்பிணைப்புப் பிழைகளும் அவற்றைக் களையும் முறையும் – கோவைப் பம்புத் தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி எந்திர வடிவமைப்பில் தனித்தனியே வரையப்பட்ட உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தும்போது மென்பொருள் காட்டும் பிழைகள் மாணவர்களையும் இளம் வடிவமைப்பாளர்களையும் பெரிதும் இடர்ப்படுத்துகின்றன. இப்பிழைகளை முரண்தளை, மிகைத்தளை, குறைத்தளை, அறுதளை என நான்காக வகைப்படுத்தி, கோவைப் பகுதியில் பரவலாகச் செய்யப்படும் மோனோபிளாக் பம்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவற்றின் காரணங்களையும் களையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. உறுப்புகளை மெய்யான எந்திரத்தில் எது நிலைநிறுத்துகிறதோ அதுவே திரையிலும் தளையாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: உறுப்பிணைப்பு, தளை, சுதந்திர இயக்கக் கூறு, முரண்தளை, மோனோபிளாக் பம்பு, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கொங்கு நாட்டின் தொழில் முகம் மாறியது. ஆழ்கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்த நிலத்திற்கு மின்சாரம் வந்ததும் மோட்டாரும் பம்பும் தேவையாயின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். அதன் தொடர்ச்சியாகப் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ எனக் கோவையைச் சூழ்ந்து வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் பம்புத் தொழிற்கூடங்களும் பெருகின.

முன்பு வரைபலகையில் மூத்த வரைவாளர் செய்த பணியை இன்று முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் செய்கிறது. கேசிங், இம்பெல்லர், சாஃப்ட், பேரிங் ஆகியவற்றைத் தனித்தனியே உருவாக்கி, பின்னர் அவற்றைத் திரையில் ஒன்றுசேர்க்கின்றனர். இவ்வாறு ஒன்றுசேர்க்கும் கட்டத்தில்தான் சிவப்புக் குறியுடன் பிழைச்செய்தி தோன்றுகிறது. அச்செய்தி ஆங்கிலத்தில் அமைவதோடு மிகச் சுருக்கமாகவும் உள்ளது. ஒன்றோடொன்று முரண்படுகிறது என்று மட்டும் அது சொல்லும். எதனால் முரண்படுகிறது என்று சொல்லாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் எந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியில் அறிமுகப்படுத்தியது. அவ்வழியில் பயில்வோருக்கு இப்பிழைகளைத் தமிழில் விளக்கும் எழுத்து இன்றியமையாதது. அத்தேவையை ஓரளவேனும் நிறைவுசெய்ய இக்கட்டுரை முயல்கிறது.

2. தளை என்னும் சொல்

இரண்டு உறுப்புகளுக்கிடையே வடிவமைப்பாளர் விதிக்கும் உறவு, கட்டுப்பாடு எனப் பொதுவாகச் சுட்டப்படுகிறது. இக்கட்டுரை அதனைத் தளை என வழங்குகிறது. யாப்பிலக்கணத்தில் நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் கொள்ளும் உறவே தளை. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரையசை வருதல் வேண்டும். நேரசை வந்தால் தளை தட்டுகிறது என்கிறோம். உறுப்பிணைப்புப் பிழையும் இத்தகையதே. உறுப்பு தன்னளவில் குறையற்றதாக இருக்கலாம்; இரண்டு உறுப்புகள் கூடுமிடத்தில் உறவு பிழைபடுகிறது.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. யாப்பில் தளை அடுத்தடுத்த சீர்களுக்கிடையே மட்டும் அமைவதால், தட்டும் இடமே பிழையின் இடமும் ஆகிறது. எந்திரத்தில் உறுப்புகள் வலைபோலப் பிணைகின்றன. பிராக்கெட்டோடு பேரிங், பேரிங்கோடு சாஃப்ட், சாஃப்டோடு இம்பெல்லர், பிராக்கெட்டோடு கேசிங், கேசிங்குக்குள் இம்பெல்லர் எனச் சுற்றிவந்து வட்டம் மூடுகிறது. இவ்வட்டத்தில் எங்கோ நேர்ந்த பிழை, இறுதியாக இட்ட தளையின்மேல் வெளிப்படுகிறது. பிழை தோன்றும் இடமும் பிழை பிறந்த இடமும் வேறு வேறு என்பதை உணராமையே தொடக்க நிலையினரின் முதற்தடுமாற்றம்.

தளைகளைக் கணினியின் பொறுப்பில் விடும் எண்ணம் புதியதன்று. ஐவன் சதர்லாண்டு 1963இல் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், இரு கோடுகள் இணையாக அமைய வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளைத் தானே நிறைவேற்றியது. பின்னர் வந்த புரோ எஞ்சினியர், சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர் முதலிய வணிக மென்பொருள்களும், கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேடும் இவ்வடிப்படையில் இயங்குவன. பெயர்களும் பட்டிகளும் வேறுபட்டாலும் பின்வரும் விளக்கம் இவையனைத்திற்கும் பொருந்தும்.

3. ஆறு இயக்கக் கூறுகளும் தளைகளின் கணக்கும்

வெளியில் தனித்து நிற்கும் திண்பொருளுக்கு ஆறு சுதந்திர இயக்கக் கூறுகள் உண்டு. மூன்று திசைகளில் நகர்தல் மூன்று. மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழலுதல் மூன்று. ஒவ்வொரு தளையும் இவற்றுள் சிலவற்றை நீக்குகிறது. ஒரு தளமுகத்தை மற்றொரு தளமுகத்தோடு ஒட்டவைத்தால் மூன்று கூறுகள் நீங்கும்: முகத்திற்குச் செங்குத்தான நகர்வு ஒன்று, சாய்வுகள் இரண்டு. ஓர் உருளையின் அச்சை மற்றோர் உருளையின் அச்சோடு ஒன்றச் செய்தால் நான்கு நீங்கும்: நகர்வுகள் இரண்டு, சாய்வுகள் இரண்டு.

அச்சுக்குச் செங்குத்தாக அமைந்த முகத்தில் இவ்விரு தளைகளையும் சேர்த்து இட்டால் ஏழு நீங்க வேண்டும் எனத் தோன்றும். ஆனால் சாய்வுகள் இரண்டும் இரு தளைகளுக்கும் பொதுவானவை. ஆகவே நீங்குபவை ஐந்தே. அச்சைப் பற்றிய சுழற்சி மட்டும் எஞ்சும். தளைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியையும் கழிக்க வேண்டும் என்பது இங்குப் புலனாகிறது.

இதனை வீட்டுப் பொருளில் காணலாம். மூன்று கல் வைத்த அடுப்பின்மேல் பானை ஆடுவதில்லை. முக்காலியும் எத்தரையிலும் ஆடாது. நான்கு கால் கட்டில் சமமற்ற தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். மூன்று கால்கள் தேவைக்குச் சரியானவை. நான்காவது கால் மிகையானது. தரை முற்றிலும் சமமாயின் அம்மிகை வெளிப்படாது. சிறிது மேடு பள்ளமாயினும் வெளிப்படும். மிகைத்தளையின் இயல்பும் இதுவே.

4. பிழைகளின் வகைகள்

முரண்தளை: இரண்டு தளைகளை ஒருசேர நிறைவேற்ற இயலாத நிலை. மென்பொருள் இதனை உடனே பிழையாகக் காட்டும்.

மிகைத்தளை: முன்பே நீக்கப்பட்ட இயக்கத்தை மீண்டும் நீக்கும் தளை. அளவுகள் ஒத்திருக்கும் வரை பெரும்பாலான மென்பொருள்கள் இதனைப் பொறுத்துக்கொள்ளும். ஓர் அளவு மாறிய உடனே இது முரண்தளையாகிவிடும்.

குறைத்தளை: தேவையான தளை இடப்படாமை. இது பிழைச்செய்தியாக வருவதில்லை. உறுப்பு சரியான இடத்தில் இருப்பதுபோலத் தோன்றி, சுட்டியால் இழுத்தால் நகர்ந்துவிடும். முதல் உறுப்பை ஆதியில் நிலைப்படுத்தத் தவறினால் தொகுப்பு முழுவதும் இவ்வாறு மிதக்கும்.

அறுதளை: தளை பற்றியிருந்த விளிம்போ முகமோ இல்லாமற்போதல். கேசிங்கின் விளிம்பை வளைவாக்கினால் பழைய விளிம்பு மறைகிறது. அதைப் பற்றிய தளையும் அறுகிறது. உறுப்பை மாற்றும்போது முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் மென்பொருள் இடும் உட்பெயர்கள் மாறிவிடுவதாலும் இது நிகழும். ஃப்ரீகேடில் நெடுங்காலம் இருந்த இச்சிக்கல் 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைக்கப்பட்டது.

எல்லா இயக்கங்களையும் நீக்குவதே நிறைவான பிணைப்பு எனக் கருதுதலும் பிழை. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரில் உரல்பாத்திரம் சுழல வேண்டும். சாய்க்கும் வகையாயின் மாவை வழிக்க அது சாயவும் வேண்டும். அவ்விரு கூறுகளும் தளையின்றி விடப்பட வேண்டியவை. சாயும் பகுதியை உட்தொகுப்பாக அமைத்து, முதன்மைத் தொகுப்பில் அதனை இறுகிய ஒரே பொருளாகக் கொண்டால், உள்ளே இருக்கும் பாத்திரம் சுழலாது. அவ்வுட்தொகுப்பை நெகிழ்நிலைக்கு மாற்றுவதே தீர்வு. தளைகளை அழிப்பது தீர்வாகாது.

5. எடுத்துக்காட்டு: மோனோபிளாக் பம்பு

மோட்டாருக்கும் பம்புக்கும் ஒரே சாஃப்ட் அமைவது மோனோபிளாக் பம்பு. இதில் இருவகைப் பிழைகளைக் காண்போம். இங்குத் தரப்படும் அளவுகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

முதலாவது, பிராக்கெட்டில் கேசிங்கைப் பொருத்துதல். கேசிங்கின் வட்டப் படி பிராக்கெட்டின் படியில் அமர்கிறது; முகங்கள் ஒட்டுகின்றன; நான்கு போல்ட்டுகள் இறுக்குகின்றன. தொடக்க நிலையினர் படிக்கு ஓர் அச்சுத்தளை, முகத்திற்கு ஒரு தளை, நான்கு துளைகளுக்கும் நான்கு அச்சுத்தளைகள் என இடுவர். நீக்கவேண்டியவை 6; இட்டவற்றின் கூட்டுத்தொகை 4 + 3 + 16 = 23. துளைவட்டத்தின் விட்டம் ஒன்றில் 150.00 மி.மீ., மற்றொன்றில் 150.10 மி.மீ. ஆயின், துளை மையங்கள் 0.05 மி.மீ. விலகும்; முதல் துளைக்குத் தளை இடும்போதே பிழை தோன்றும். பட்டறையிலோ இதே உறுப்புகள் எளிதில் பொருந்தும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை இருப்பதால் அவ்விலகல் இடைவெளியில் அடங்கிவிடும். மென்பொருளுக்கு அந்த இடைவெளி தெரியாது. அச்சுகள் ஒன்ற வேண்டும் என்றால் ஒன்றியே ஆகவேண்டும்.

பட்டறையில் கேசிங்கை மையத்தில் நிறுத்துவது படி. போல்ட்டுகள் இறுக்க மட்டுமே செய்கின்றன. திரையிலும் அவ்வாறே படிக்கு அச்சுத்தளையும் முகத்திற்கு ஒட்டுத்தளையும் இட்டால் ஐந்து கூறுகள் நீங்கும். எஞ்சிய சுழற்சியை, இரு உறுப்புகளின் நடுத்தளங்களுக்கிடையே ஒரு கோணத்தளை இட்டு நீக்கலாம். துளைகளுக்குத் தளை தேவையில்லை.

இரண்டாவது, இம்பெல்லரின் இடம். இரு உறுப்புகளும் ஒட்டும் முகத்திலிருந்து சாஃப்டின் படி 12.0 மி.மீ. தொலைவிலும், இம்பெல்லரின் கனம் 20.0 மி.மீ. ஆகவும், கேசிங்கின் உட்சுவர் 32.5 மி.மீ. தொலைவிலும் உள்ளதாகக் கொள்வோம். இம்பெல்லர் படியில் அமர்ந்தால் சுவருக்கு முன் 0.5 மி.மீ. இடைவெளி கிடைக்கும். வடிவமைப்பாளர் இம்பெல்லரைப் படியோடு ஒட்டவைத்ததோடு, சுவருக்கு 0.5 மி.மீ. இடைவெளி எனவும் ஒரு தளை இடுகிறார். அது மிகைத்தளை, அன்று பிழை வராது. பின்னொருநாள் பேரிங் மாற்றத்தால் சாஃப்டின் படி 12.3 மி.மீ. ஆகிறது. உடனே முரண்தளை தோன்றுகிறது.

இவ்விடத்தில் எத்தளையை நீக்குவது என்பதே முதன்மையான முடிவு. படியோடு ஒட்டும் தளையை நீக்கினாலும் சிவப்புக் குறி மறையும். இடைவெளி 0.5 மி.மீ. என்றே திரையில் நிற்கும். ஆனால் இம்பெல்லர் சாஃப்டின் படிக்குள் 0.3 மி.மீ. புதைந்திருக்கும். அவ்வளவு சிறிய புதைவு கண்ணுக்குப் புலப்படாது. தொழிற்கூடத்தில் இம்பெல்லர் படியில்தான் அமரும். உண்மை இடைவெளி 0.2 மி.மீ. மட்டுமே. சாஃப்டின் அச்சுவழி ஆட்டம் அதனைவிட மிகுந்தால் இம்பெல்லர் சுவரில் உரசும். அதற்குள் அந்த மாதிரியைக் கொண்டு பேட்டர்ன் செய்யப்பட்டு, வார்ப்படமும் ஊற்றப்பட்டிருக்கலாம்.

இங்குப் பிழைச்செய்தி தொல்லையன்று, எச்சரிக்கை. இடைவெளி என்பது பிற அளவுகளால் விளைவது. விளைவை அளக்க வேண்டும். தளையால் கட்டக் கூடாது.

6. பிழை களையும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் ஒழுங்கு பெறப்படுகிறது.

முதலாவதாக, எந்தத் தளையையும் அழிக்காமல் தற்காலிகமாக முடக்குதல் வேண்டும். அழித்த தளையின் கருத்து மீளாது.

இரண்டாவதாக, முதல் உறுப்பு நிலைப்படுத்தப்பட்டுள்ளதா, இரண்டு உறுப்புகள் தவறுதலாக நிலைப்படுத்தப்பட்டுள்ளனவா என நோக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, அறுதளைகளை முதலில் சரிசெய்தல் வேண்டும். ஓர் அறுதளை பல முரண்களைத் தோற்றுவிக்கக்கூடும்.

நான்காவதாக, ஐயத்திற்குரிய தளைகளைப் பாதி பாதியாக முடக்கித் தேடலாம். 16 தளைகளில் குற்றமுடையது ஒன்றாயின் 8, 4, 2, 1 என நான்கு முறையில் அது அகப்படும். முரண்பாட்டிற்குக் குறைந்தது இரண்டு தளைகள் வேண்டுமாதலால், அகப்பட்டதன் எதிர்த்தளையையும் கண்டறிதல் இன்றியமையாதது.

ஐந்தாவதாக, அவ்விரண்டையும் முடக்கிய நிலையில் உறுப்புகளுக்கிடையே உள்ள தொலைவையும் கோணத்தையும் அளக்க வேண்டும். 180 பாகை வேறுபாடு காணின், முகங்கள் எதிர்நோக்குவதற்கு மாறாக ஒரே திசை நோக்குகின்றன எனக் கொண்டு திசையைத் திருப்பினால் போதும். சிறு வேறுபாடு காணின், அது உறுப்பின் அளவுப் பிழை. உறுப்புக் கோப்பில்தான் திருத்த வேண்டும்.

ஆறாவதாக, திருத்தியபின் சுட்டியால் இழுத்துப் பார்த்து, இயங்க வேண்டியவை இயங்குகின்றனவா எனச் சோதித்து, உறுப்புகள் ஒன்றனுள் ஒன்று புதைகின்றனவா எனக் காட்டும் ஆய்வையும் செய்தல் வேண்டும். சிவப்புக் குறி மறைந்தது மட்டுமே சரியான பிணைப்புக்குச் சான்றாகாது.

வருமுன் காக்கும் வழியும் ஒன்று உண்டு. விளிம்புகளைப் பற்றித் தளை இடுவதைவிட, உறுப்பின் ஆதித்தளங்களையும் அச்சுகளையும் பற்றி இடுதல் நன்று. உறுப்பின் வடிவம் மாறினும் அவை மாறுவதில்லை.

7. முடிவுரை

உறுப்பிணைப்புப் பிழைகள் மென்பொருளின் குறைகள் அல்ல. பெரும்பாலும் அவை வடிவமைப்பாளரின் எண்ணத்திற்கும் எந்திரத்தின் மெய்ம்மைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவன. எந்த உறுப்பை எது நிறுத்துகிறது என்பதைப் பட்டறையில் பொருத்துநர் கையால் அறிவார். அவ்வறிவைத் திரைக்குக் கொண்டுவருதலே தளை இடும் கலை. வடிவமைப்பு வகுப்பின் முதற்பாடமாக ஒரு பம்பைக் கழற்றி மீண்டும் பூட்டச் செய்தபின், மென்பொருளைத் தொடங்குவது பயனுடைத்து.

முரண்தளை, மிகைத்தளை, குறைத்தளை, அறுதளை ஆகிய சொற்கள் இங்கு முன்மொழியப்படுகின்றன. இவற்றின் பொருத்தப்பாட்டை எந்திரப் பொறியியல் பயிற்றுவோரும் தமிழ் ஆய்வாளரும் இணைந்து சீர்தூக்க வேண்டும். தன் மொழியில் பிழைக்குப் பெயரிடக் கற்ற மாணவர், சிவப்புக் குறியை மறைக்க முனையாமல் அதன் காரணத்தைத் தேடுவர் என்பது இக்கட்டுரையின் நம்பிக்கை.