எடை மெஷின் ஏன் வேளைக்கொரு எடை காட்டுகிறது?

காலையில் 72.4 கிலோ. மதியம் 73.6. அதே மெஷினை இரண்டடி தள்ளி வைத்து ஏறினால் 71.9. "இதை நம்பி என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று சலித்துப்போய் என் வாப்பா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

வாப்பாவுக்கு இதயம் பலவீனம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மாத்திரையை நாங்கள் விடவில்லை. எடையைத்தான் விட்டோம். அடுத்த மாதம் ஒரு நாள் நடு இரவில் வாப்பாவுக்குப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது, மற்றதெல்லாம் வெற்றுத்தாள். "உடம்பில் இவ்வளவு நீர் ஒரே இரவில் சேர்ந்திருக்காது. எடை பார்த்திருந்தால் சில நாட்கள் முன்னதாகவே தெரிந்திருக்கும்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா நலமாக வீடு திரும்பினார்கள். ஆனால் அந்த வெற்றுத்தாள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. மெஷின் மேல் வாப்பாவுக்கு வந்த கோபம் பல வீடுகளில் பலருக்கும் வருவதுதான். எடை குறைக்க முயல்கிறவர், சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் செய்கிறவர் என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் "இது சரியில்லாத மெஷின்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த எண் மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மெஷினை நாம் வைக்கும் விதம், அதன் மேல் நிற்கும் விதம். இன்னொன்று, நம் உடம்பின் எடையே உண்மையில் மாறுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் சாதாரண மெஷினே நமக்குப் போதும்.

மெஷின் எங்கே தவறுகிறது?

டிஜிட்டல் எடை மெஷினைத் திருப்பிப் பாருங்கள். நான்கு மூலையிலும் நான்கு சிறிய கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலுக்குள்ளும் பாரத்தை உணரும் ஒரு சிறு கருவி உண்டு. நாம் ஏறி நிற்கும்போது அது நூலளவு வளையும். அந்த வளைவை மின்சாரக் கணக்காக்கி, நான்கையும் கூட்டித்தான் எடை காட்டப்படுகிறது. முள் சுற்றும் பழைய மெஷினில் இதே வேலையை ஸ்பிரிங் செய்கிறது. ஆகவே, நான்கு காலும் கெட்டியான சமதரையில் ஒன்றுபோல் ஊன்றி நின்றால்தான் கணக்கு சரியாக வரும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பாய் மேலும் ஜமுக்காளத்தின் மேலும் வைத்து ஏறுகிறோம். அல்லது தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகப் போட்ட குளியலறைத் தரையில் வைக்கிறோம். ஒரு கால் டைல்ஸ் இடைவெளியில் இறங்கியிருக்கும். இடம் மாற மாற எடை மாறுவது இதனால்தான். வெளிநாடுகளில் குளியலறை காய்ந்திருக்கும். அதனால் மெஷினை அங்கே வைப்பார்கள். நம் குளியலறையின் ஈரம் அதன் மின்பாகங்களைக் கெடுத்துவிடும். கூடத்திலோ படுக்கையறையிலோ ஆடாத சமதரையாக ஓர் இடம் பாருங்கள். அங்கே நான்கு மூலைக்கும் சாக்பீஸால் அடையாளம் போட்டு, எப்போதும் அங்கேயே வையுங்கள்.

பல டிஜிட்டல் மெஷின்களை இடம் மாற்றினால், முதலில் ஒரு முறை காலால் அழுத்திவிட்டு, பூஜ்யம் வந்து அணையும்வரை காத்திருந்து, அதன்பின் ஏற வேண்டும். இதைச் செய்யாமல் தூக்கி வைத்த உடனே ஏறினால் முதல் எண் தவறாக வர வாய்ப்புண்டு. பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் எண் தடுமாறும். மெஷினின் மேல் புத்தகமூட்டை, அரிசிப்பை எதையும் வைத்துவிடாதீர்கள்.

நிற்கும் விதமும் முக்கியம். இரண்டு பாதங்களும் நடுவில் சமமாக இருக்க வேண்டும். குனிந்து எண்ணைப் பார்க்கக்கூடாது. பெரியவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கை ஒரு பகுதி பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் எடை குறைத்துக் காட்டும். இதய நோயாளிக்கு இது ஆபத்தான தவறு. நீர் சேர்ந்திருப்பதே தெரியாமல் போய்விடும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று, தொடாமல், தேவைப்பட்டால் பிடிக்கத் தயாராக இருந்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் 72.4 என்று புள்ளிக்குப் பின்னாலும் எண் வருவதால் அது 100 கிராம் வரை துல்லியமானது என்று நினைத்துவிடக்கூடாது. எண் நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. சில மெஷின்கள் முந்தைய எடையை நினைவில் வைத்திருந்து, சிறு வித்தியாசம் இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டுவதும் உண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம்

கடைக்காரரின் தராசை அரசு அதிகாரிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்து முத்திரையிடுகிறார்கள். நம் நாட்டில் எடையளவுச் சட்டம் 2009-ல் புதுப்பிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைக் கவனிக்கிறது. வீட்டு மெஷினை நாம்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி இருக்கிறது.

வீட்டில் இளையவர் ஒருவர் மெஷினில் ஏறி எடையைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு, பிரிக்காத 5 கிலோ ஆட்டா பாக்கெட் இரண்டைக் கையில் அணைத்துக்கொண்டு மீண்டும் ஏறட்டும். வித்தியாசம் 10 கிலோவுக்கு மிக அருகில் இருந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது. அடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை ஏறி இறங்குங்கள். ஐந்து எண்களும் 200, 300 கிராமுக்குள் நின்றால் கவலையில்லை. ஒரு கிலோவுக்கு மேல் தாவினால் முதலில் தரையை மாற்றிப் பாருங்கள், பிறகு பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மட்டுமே புது மெஷின் வாங்குங்கள்.

உங்கள் மெஷின் ஆஸ்பத்திரி மெஷினைவிட எப்போதும் ஒரு கிலோ கூட்டிக் காட்டுகிறதா? பரவாயில்லை. எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் மெஷினில் ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். கிளினிக்கில் நாம் செருப்பு, அபாயா, சட்டைப்பையில் போன், சாவிக்கொத்து எல்லாவற்றோடும், சாப்பிட்ட பிறகும் ஏறுகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எதுவானாலும் ஒரே மெஷினில் தொடர்ந்து பாருங்கள்.

உடம்பும் மாறுகிறது

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அரை லிட்டர் குடித்துவிட்டு ஏறினால் அரை கிலோ கூடியிருக்கும். சாப்பாடு, வியர்வை, சிறுநீர், மலச்சிக்கல் எல்லாமே எடையைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கே ஒரு நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம்.

உப்பு கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். வலீமா விருந்தில் பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறுகிறோம். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உண்ண வேண்டும். ஒருவேளை விருந்தில் அது நடக்காது. ஏறியதில் பெரும்பகுதி நீரும், இன்னும் வயிற்றில் இருக்கும் உணவும்தான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் நீர் தேங்கி எடை கூடும். அவர்கள் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சோறு, ரொட்டியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் வாரத்திலேயே எடை மளமளவென்று இறங்கும். உடம்பில் சேமித்திருந்த மாவுச்சத்து தீரும்போது, அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு கரைந்தது கொஞ்சம்தான். "ஏழு நாளில் ஐந்து கிலோ" என்று விளம்பரம் செய்து பவுடர் விற்பவர்களுக்கு இந்த நீர்க்கணக்குதான் முதலீடு. பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

ரமளானில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன் பார்த்தால் எடை குறைவாகவும், இரவில் கஞ்சியும் தண்ணீரும் குடித்த பின் பார்த்தால் கூடுதலாகவும் இருக்கும். இரண்டும் நீரின் கணக்குதான். அந்த மாதத்தில், சஹருக்கு எழுந்து கழிப்பறை சென்று வந்தவுடன், எதுவும் உண்ணும் முன் பார்ப்பது நல்லது. இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் நோன்பு பற்றி ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் கலந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாளை விட்டு, வாரத்தைப் பாருங்கள்

எடை குறைக்க முயல்கிறவர்களுக்கு மிகவும் உதவும் வழி வாரச் சராசரி. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள்.

முதல் வாரம்: 72.4, 73.1, 72.0, 72.8, 73.3, 72.2, 71.7. சராசரி 72.5.
இரண்டாம் வாரம்: 72.6, 72.0, 71.6, 72.9, 72.3, 71.8, 71.5. சராசரி 72.1.

முதல் வாரக் கடைசி நாளில் 71.7 பார்த்தவர், நான்கு நாள் கழித்து 72.9 பார்த்தால் "ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது, நடந்ததெல்லாம் வீண்" என்று நடைப்பயிற்சியையே விட்டுவிடுவார். சராசரியைப் பார்த்தவருக்குத் தெரியும், அவர் 400 கிராம் குறைந்திருக்கிறார். அது நல்ல வேகம். கூடவே மாதம் ஒருமுறை நாடாவால் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை அளவு.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி, தாயின் எடையைக் கழித்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. பெரியவருக்கு அரை கிலோ பிசகு பெரிதில்லை. ஆறு கிலோ குழந்தைக்கு அரை கிலோ என்பது மிகப் பெரிய பிசகு. குழந்தையின் வளர்ச்சிக்கு அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பாருங்கள். எடையைப் பொறுத்துத்தான் குழந்தைகளுக்கு மருந்தின் அளவையே முடிவு செய்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்ன "கவலைப்பட வேண்டாம்" என்பதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. இவற்றில் தாமதம் கூடாது:

இதய பலவீனம் உள்ளவர்கள் வாரச் சராசரிக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், நேற்றைய விருந்து என்று சமாதானம் சொல்லாமல் டாக்டரை அழையுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் எடை எவ்வளவு காட்டினாலும் உடனே போக வேண்டும்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடை, பெரும்பாலும் தேங்கும் நீர். எவ்வளவு ஏறலாம் என்று டாக்டர் சொன்ன அளவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைவதைப் பார்த்து மகிழ வேண்டாம். 60 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 3 கிலோ தானாகக் குறைந்தால் பரிசோதனை அவசியம். தாகமும் சிறுநீரும் கூடியிருந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கொழுப்பின் சதவீதம் காட்டும் வகை மெஷினில் ஏற வேண்டாம். அது உடம்புக்குள் சிறு மின்சாரத்தைச் செலுத்தி அளக்கிறது. அவர்களுக்கு எடை மட்டும் காட்டும் சாதாரண மெஷினே பாதுகாப்பானது.

வெட்டி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொள்ள:

• ஒரே மெஷின், ஒரே இடம், கெட்டியான சமதரை.
• காலையில் எழுந்து, கழிப்பறை சென்ற பின், உண்ணும் முன்.
• செருப்பில்லாமல், லேசான ஒரே வகை உடையில்.
• எதையும் பிடிக்காமல், நேராக, அசையாமல்.
• வந்த எண்ணை அப்படியே எழுத வேண்டும். பிடித்த எண் வரும்வரை ஏறி இறங்கக்கூடாது.
• டாக்டரிடம் போகும்போது நோட்டும் கூடவே போக வேண்டும்.

எங்கள் வீட்டு மெஷின் இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை. கூடத்து மூலையில், சாக்பீஸ் அடையாளத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் ஆணியில் நோட்டும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து வாப்பா ஏறி நிற்க, உம்மா எண்ணைப் படிக்க, பேரன் எழுதுகிறான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று நாளில் 2.3 கிலோ கூடியிருப்பதை முதலில் கண்டவன் அவன்தான். அன்றே டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.