வரைபடத்தில் சிவப்புப் புள்ளி

நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் திருச்சி போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். "எந்த இடம் பாதுகாப்பு என்று போனிலேயே பார்க்கலாமாமே?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் அந்த வரைபடம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

2012 டிசம்பரில் டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் தொடங்கியது 'சேஃப்சிட்டி'. சீண்டலுக்கு ஆளானவர்கள் பெயர் சொல்லாமல் பதிவு செய்தால் அந்த இடம் வரைபடத்தில் புள்ளியாகிவிடும். புகார் வந்தால்தான் புள்ளி. சொல்லத் தயங்கும் தெரு வெறுமையாகவே இருக்கும். துணிந்து சொன்ன தெரு சிவந்து தெரியும். அதை வைத்து 'அந்த மஹல்லா மோசம்' என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது அநியாயம். பெயரைக் கேட்டதுமே வாடகைக்கு வீடில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிலும் உண்டு. வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது சூரத்துல் ஹுஜுராத்தின் 6வது வசனம்.

2013இல் வந்த 'சேஃப்டிபின்' வேறு மாதிரி. வெளிச்சம், நடைபாதை, ஆள் நடமாட்டம், பெண்கள் நடமாட்டம், பஸ் வசதி என்று 9 விஷயங்களைப் பார்த்து இடத்துக்கு மதிப்பெண் போடுகிறது. நமக்குப் பயன் இதில்தான் அதிகம். இருட்டுத் தெருவுக்கு விளக்குக் கேட்டுப் பேரூராட்சியில் மனுக் கொடுக்கலாம். கெட்ட பெயர் எடுத்த தெருவுக்கு என்ன கேட்பது?

ஆபத்து நேரத்தில் வரைபடம் உதவாது. 112ஐ அழையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். பிள்ளைகள் போனில் இன்றே ஏற்றிக் கொடுங்கள்; தாய்மார்கள் போனிலும்.